பெரிய தரவுத்தளத்தில் பக்கம் புரட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் தோட்டக் கணக்கு, கடன் சங்கம், பாடசாலைப் பதிவு என்று வலைச் செயலி எழுதுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. பக்கம் புரட்டுவது என்றால், நீளமான பட்டியலை ஒரேயடியாகக் காட்டாமல் ஒவ்வொரு பக்கமாகத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் காட்டுவது. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். நிரலில் வழக்கமான எழுத்திலேயே தட்டச்சு செய்யுங்கள்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம். 600 பேர் கொழுந்து பறிக்கும் ஒரு தோட்டம். நாளுக்கு மூன்று தடவை நிறுத்தால் 1,800 பதிவு. மாதம் 25 நாள் வேலை என்றால் 45,000. வருடத்துக்கு 5,40,000. ஐந்து வருடத்தில் 27 இலட்சம். அட்டவணையின் பெயர் 'கொழுந்து_நிறை'. அதில் ஐடி (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி எண்), தோட்டம், திகதி, செக்ரோல் இலக்கம் (சம்பளப் பதிவேட்டில் ஆளுக்குரிய எண்), தடவை, கிலோ என்ற புலங்கள் இருக்கின்றன.

எல்லாத்தையும் ஒரேயடியா அனுப்பிட்டு, பிரவுசர்லயே பக்கம் பிரிச்சா என்ன?

சில நூறு பதிவு என்றால் தாராளமாகச் செய்யலாம். ஒரு டிவிஷனின் ஆள் பட்டியல் 150 பேர் என்றால் அதற்குச் சர்வர் பக்கம் எதுவும் எழுதத் தேவையில்லை. கொழுந்து நிறைக்கு அது சரிவராது. ஒரு பதிவு 200 பைட் என்று வைத்தாலும் 27 இலட்சம் பதிவு 54 கோடி பைட். மேட்டுலயத்துப் பக்கம் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் அதை எந்த ஃபோனும் இறக்கி முடிக்காது.

சோதனைத் தரவு 200 பதிவாக இருக்கும்போது இந்த முறை அழகாக ஓடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆகவே எழுதத் தொடங்கும் நாளிலேயே பத்து இலட்சம் பொய்ப் பதிவை உருவாக்கிப் போட்டுச் சோதியுங்கள்.

லிமிட், ஆஃப்செட் ரெண்டும் என்ன செய்யுது?

இரண்டும் வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளையில், சேர்க்கும் சொற்கள். லிமிட் 50 என்றால் 50 பதிவு மட்டும் தா என்று பொருள். ஆஃப்செட் 100 என்றால் முதல் 100-ஐத் தாண்டிவிட்டுத் தா என்று பொருள். மூன்றாம் பக்கத்துக்கு ஆஃப்செட் 100, லிமிட் 50. கணக்கு இதுதான்: பக்க எண்ணில் ஒன்றைக் கழித்து, பக்க அளவால் பெருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள்கள் மூன்றிலும் இது உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்தும் ஆரக்கிளில் 12சி-யிலிருந்தும் 'ஆஃப்செட் … ஃபெட்ச் நெக்ஸ்ட்' என்று எழுதலாம்.

பக்க எண் முகவரியிலிருந்து வருவதால் யாரும் எதையும் தட்டலாம். சுழியம், கழித்தல் எண், எழுத்து, 99,99,99,999 ஆகிய நான்கையும் சர்வரில் தடுத்துவிட்டுத்தான் வினவலுக்குள் விட வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவு வைக்கிறது நல்லது?

திரையில் படிக்க 25 முதல் 50 வரை. பயனர் மாற்றலாம் என்று விட்டால் உச்சவரம்பை, 100 என்றோ 200 என்றோ, சர்வரிலேயே கட்டிவிடுங்கள். திரையில் இருக்கும் தெரிவுப் பெட்டி எதற்கும் காவல் இல்லை. முகவரியில் அளவை 1,00,000 என்று மாற்ற ஒரு விநாடி போதும். பட்டியலில் தெரியும் புலங்களை மட்டும் எடுங்கள். ஆளின் படம், நீளமான குறிப்பு இரண்டையும் பட்டியலோடு சேர்த்து இழுத்தால் பக்க அளவைக் குறைத்தும் பலன் இராது.

ஆர்டர் பை போடாமலே வரிசையா சரியாத்தான் வருது. பிறகு எதுக்கு அது?

இன்றைக்குச் சரியாக வருகிறது, அவ்வளவுதான். எந்தப் புலத்தால் வரிசைப்படுத்த வேண்டும் என்று சொல்லும் ஆர்டர் பை இல்லாவிட்டால் எந்த வரிசையில் தந்தாலும் தரவுத்தளம் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பதிவு திருத்தப்பட்டாலோ, புது இன்டெக்ஸ் (பதிவை விரைவாகத் தேட உதவும் வரிசைப்படுத்திய பட்டியல்) வந்தாலோ, வினவல் பல கிளையாகப் பிரிந்து ஓடினாலோ வரிசை மாறும். எஸ்க்யூஎல் சர்வர் ஆர்டர் பை இல்லாமல் ஆஃப்செட்டை ஏற்பதே இல்லை. மற்றவையும் அப்படியே மறுத்தால் எவ்வளவு நல்லது.

திகதியால் மட்டும் வரிசைப்படுத்துவதும் போதாது. ஒரே திகதியில் 1,800 பதிவு உண்டு. அவற்றுக்குள் எது முந்தியது என்று நீங்கள் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் ஒரு வரிசை, இரண்டாம் பக்கத்தில் இன்னொரு வரிசை என்று வந்து, ஒருவர் பேர் இரண்டு முறை தெரியும், இன்னொருவர் பேர் எங்குமே தெரியாது. கடைசியில் ஐடியைச் சேருங்கள்: 'ஆர்டர் பை திகதி டெஸ்க், ஐடி டெஸ்க்'. டெஸ்க் என்றால் இறங்குவரிசை. வரிசையின் கடைசிப் புலம் எப்போதும் தனித்துவமானதாக இருக்க வேண்டும். இனி வரும் பதில்கள் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன.

முதல் பக்கம் டக்குன்னு வருது, கடைசிப் பக்கம் ஏன் இப்படி இழுக்குது?

ஆஃப்செட்டுக்குத் தாவத் தெரியாது. 50 பதிவு வீதம் 54,000 பக்கம் என்றால் கடைசிப் பக்கத்தின் ஆஃப்செட் 26,99,950. அத்தனை பதிவையும் ஒன்று விடாமல் வாசித்து, எறிந்து, பிறகுதான் உங்களுக்கு வேண்டிய 50-ஐத் தரும். தடித்த செக்ரோல் புத்தகத்தில் அடையாள நூல் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் முதல் தாளிலிருந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டு போவதுதான் அது. இன்டெக்ஸ் இருந்தால் வரிசைப்படுத்தும் வேலை மிச்சமாகும். எண்ணும் வேலை அப்படியே இருக்கும்.

வினவல் எப்படி ஓடியது என்று படிப்படியாகக் காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' போட்டுப் பாருங்கள். லிமிட்டுக்குக் கீழே உள்ள படியில் வாசிக்கப்பட்ட பதிவு எண்ணிக்கை, பக்க எண்ணோடு சேர்ந்து ஏறுவது தெரியும்.

அடுத்த பக்கம் போனா, போன பக்கத்துல பார்த்த ஆளே திரும்ப வாறாரு. ஐடியும் சேர்த்துட்டேன்.

நீங்கள் முதல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டிலில்) மூன்று புது நிறை பதிந்துவிட்டார்கள். புதியது மேலே வரும் வரிசை என்பதால் எல்லாம் மூன்று இடம் கீழே தள்ளப்பட்டன. ஆஃப்செட் 50 இப்போது பழைய 48-ஆம் பதிவிலிருந்து தொடங்கும். மூன்று பதிவு அழிக்கப்பட்டிருந்தால் எதிர்மாறு: மூன்று பதிவு கண்ணில் படாமலே போய்விடும். இது உங்கள் நிரலின் பிழை இல்லை, எண்ணித் தாண்டுகிற முறையின் குணம். திரும்ப வருவதைப் பார்த்து எரிச்சல்படுகிறோம். விடுபட்டதை யாரும் கவனிப்பதில்லை. சம்பளக் கணக்கில் விடுபட்டதுதான் வினை.

அப்ப ஆஃப்செட் இல்லாம எப்படித்தான் பக்கம் புரட்டுறது?

எத்தனை தாண்டினோம் என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நின்றோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதைக் கீசெட் முறை என்றும், சீக் முறை என்றும், கர்சர் முறை என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கத்தின் கடைசிப் பதிவு திகதி 2024-05-14, ஐடி 1834210 என்றால் அடுத்த பக்கத்துக்கு இப்படி (வேர் என்பது வடிகட்டும் நிபந்தனை, 7 என்பது தோட்ட இலக்கம்):

'வேர் தோட்டம் = 7 அண்ட் (திகதி, ஐடி) < (2024-05-14, 1834210) ஆர்டர் பை திகதி டெஸ்க், ஐடி டெஸ்க் லிமிட் 51'

அடைப்புக்குள் இரண்டு புலத்தையும் சேர்த்து ஒப்பிடுவதைக் கவனியுங்கள். 'திகதி < …' என்று மட்டும் எழுதினால் அதே நாளின் மீதிப் பதிவு முழுக்க விடுபடும். '<=' என்று எழுதினால் பார்த்ததே திரும்ப வரும். தனித்தனியாக 'திகதி < … அண்ட் ஐடி < …' என்று எழுதுவது இன்னும் பிழை. நேற்றைய திகதியில் பிந்திப் பதிந்த பெரிய ஐடிகள் எல்லாம் காணாமல் போகும். லிமிட் 51 ஏன் என்றால், 50-ஐக் காட்டி, 51-ஆவது வந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். வந்திருந்தால் 'அடுத்து' பட்டன் உண்டு. வராவிட்டால் இதுவே கடைசிப் பக்கம்.

இன்டெக்ஸில் நேரே அந்த இடத்தில் இறங்கி 51 பதிவை மட்டும் வாசிப்பதால் முதல் பக்கமும் ஐம்பதாயிரமாவது பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும். மேலே புதிதாக எது பதிந்தாலும் நீங்கள் நின்ற இடம் நகராது. சிக்னல் அறுந்து அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினாலும் அதே இடத்திலிருந்துதான் வரும்.

இன்டெக்ஸை எந்தப் புலத்துல போடணும்?

சமம் என்று வடிகட்டும் புலம் முதலில், வரிசைப்படுத்தும் புலங்கள் அதற்குப் பின்னால், அதே ஒழுங்கில்: (தோட்டம், திகதி, ஐடி). இரண்டு வரிசையும் ஒரே திசையில் இறங்கினால் சாதாரண இன்டெக்ஸைப் பின்பக்கமாக வாசித்துக்கொள்ளும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் இன்டெக்ஸிலும் அந்தத் திசைகளைக் குறிப்பிட வேண்டும். அப்போது மேலே சொன்ன அடைப்பு ஒப்பீடும் பொருந்தாது, அடுத்த பதிலில் உள்ள விரித்த வடிவம்தான் வேண்டும். மூன்று புலத்துக்கும் தனித்தனியாக மூன்று இன்டெக்ஸ் போட்டால் இந்த வேலைக்கு உதவாது.

அதையே மைஎஸ்க்யூஎல்-ல எழுதினேன், இன்னும் மெதுவாத்தான் இருக்கு.

மைஎஸ்க்யூஎல் அடைப்பு ஒப்பீட்டை ஏற்கும், விடையும் சரியாக வரும். ஆனால் சிறிது, பெரிது ஒப்பீட்டில் அதை வைத்து இன்டெக்ஸில் நேரே இறங்காமல் போகலாம். விரித்து எழுதுங்கள்: 'திகதி <= 2024-05-14 அண்ட் (திகதி < 2024-05-14 ஆர் ஐடி < 1834210)'. முதல் பகுதி இன்டெக்ஸுக்கு வழிகாட்டும், இரண்டாம் பகுதி ஒரே நாளுக்குள் பிரிக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் அடைப்பு ஒப்பீடே கிடையாது, அங்கும் இந்த வடிவம்தான்.

'முந்திய பக்கம்' பட்டனுக்கு என்ன செய்றது?

எல்லாவற்றையும் திருப்புங்கள். இந்தப் பக்கத்தின் முதல் பதிவை எடுத்து, '<' இருந்த இடத்தில் '>' போட்டு, ஆர்டர் பை இரண்டையும் ஏறுவரிசையாக்கி, லிமிட் 51 கேளுங்கள். வந்த 51-இல் மேலதிகமானதை வெட்டிவிட்டு, மீதியைத் தலைகீழாக்கிக் காட்டுங்கள். தலைகீழாக்க மறந்தால் பக்கம் கீழிருந்து மேலாக வரும். ஆர்டர் பையை மாற்ற மறந்தால் முந்திய பக்கத்துக்குப் பதிலாக ஆக முதல் பக்கம் வந்து நிற்கும்.

மொத்தம் எத்தனை பதிவுன்னு மேல காட்டணும்னு துரை கேக்குறாரு. அந்த எண்ணிக்கைதான் இப்ப மெதுவு.

மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி-யும் போஸ்ட்கிரெஸும் மொத்த எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் எண்ணுகின்றன. பல ஃபிரேம்வேர்க்குகள் (செயலி எழுத உதவும் ஆயத்தச் சட்டகங்கள்) பக்கம் காட்டும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத் தெரியாமலே எண்ணுகின்றன. லாராவெலில் 'பேஜினேட்' எண்ணும். 'சிம்பிள்பேஜினேட்', 'கர்சர்பேஜினேட்' இரண்டும் எண்ணாது. ஸ்பிரிங் டேட்டாவில் 'பேஜ்' எண்ணும், 'ஸ்லைஸ்' எண்ணாது.

அந்த எண்ணை வைத்து ஐயா என்ன முடிவு எடுக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். "ஆயிரத்துக்கு மேல்" என்பது போதுமென்றால், லிமிட் 1,001 போட்ட உள்வினவலை எண்ணுங்கள். அதற்கு மேல் வாசிக்காது. சரியான எண் வேண்டுமென்றால் தோட்டம், திகதி வாரியாகச் சுருக்க அட்டவணை ஒன்று வைத்து இரவில் நிரப்பி, இன்றைய நாளை மட்டும் நேரே எண்ணிக் கூட்டுங்கள். பழைய நாள் பதிவு திருத்தப்பட்டால் அந்த நாளின் சுருக்கத்தையும் திருத்த வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கீசெட் போட்டா 300ஆம் பக்கத்துக்கு நேரா போக முடியாதே?

முடியாது. ஆனால் 300-ஆம் பக்கம் யாருக்கும் தேவையில்லை. கணக்கப்பிள்ளை தேடுவது போன சித்திரை மாதக் கணக்கை. ஒரு திகதிப் பெட்டி கொடுங்கள். அந்தத் திகதியையே நின்ற இடமாக வைத்துக் கீசெட் வினவலைத் தொடங்குங்கள். ஆள் பட்டியல் என்றால் முதலெழுத்துப் பொத்தான்கள் போதும்.

பக்க எண் கட்டாயம் வேண்டும் என்ற இடத்தில் ஆஃப்செட்டுக்கு எல்லை கட்டுங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இயல்பாகவே 10,000 பதிவுக்கு மேல் ஆழமாகப் போக விடாது. அது நல்ல அளவு. மைஎஸ்க்யூஎல்லில் உள்வினவலில் ஐடியை மட்டும் ஆஃப்செட்டோடு எடுத்து, பிறகு அந்த 50 ஐடிக்கு மட்டும் முழுப் பதிவை ஜொயின் செய்தால் (இணைத்து எடுத்தால்) சுமை கணிசமாகக் குறையும். எண்ணும் வேலை குறையாது. தூக்கிப் பார்க்கும் பாரம் குறையும்.

பேர் வரிசைல போட்டா கனகம்மா, கமலாவுக்கு முன்னால வாறாங்க. ஏன்?

யுனிகோட் எண்வரிசை தமிழ் நெடுங்கணக்கு இல்லை. அதில் ன, ந-வுக்கு அடுத்தே நிற்கிறது. ற, ர-வுக்கு அடுத்து நிற்கிறது. ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால். ஆகவே எண்ணை மட்டும் பார்க்கும் ஒப்பீட்டில் கனகம்மா முந்துவார். புள்ளியும் உயிர்மெய்களுக்குப் பின்னால் போவதால், முத்தம்மாவுக்கு முன்னால் முதலாயி வருவார். நம் முறைப்படி கமலா, கனகம்மா, முத்தம்மா, முதலாயி என்று வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து ஐசியூ என்ற மொழி நூலகத்தின் கொலேஷன் (எழுத்து வரிசை விதி) உண்டு, தமிழுக்கு 'டிஏ-எக்ஸ்-ஐசியூ'. எந்தக் கொலேஷனைத் தேர்ந்தாலும் இந்த நான்கு பேரைப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கீசெட்டில் இது இன்னும் முக்கியம். ஆர்டர் பை ஒரு கொலேஷனிலும், வேர் ஒப்பீடு இன்னொன்றிலும், இன்டெக்ஸ் மூன்றாவதிலும் இருந்தால் பக்க எல்லையில் ஆட்கள் விழுந்து போவார்கள். புலத்தை உருவாக்கும்போதே கொலேஷனைக் கட்டிவிட்டால் மூன்றும் ஒன்றாக இருக்கும். இன்னொன்று: கொம்பும் காலும் கொண்ட 'கொ'-வைச் சில விசைப்பலகைகள் ஒரு குறியாகவும் சில இரண்டு குறியாகவும் அனுப்பும். பார்வைக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு வேறு. சேமிக்கும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். ஒரே தோட்டத்தில் பத்து லெட்சுமி இருப்பார்கள் என்பதால் பேருக்குப் பின்னாலும் ஐடி வேண்டும்.

கிலோ இன்னும் போடாத பதிவெல்லாம் பக்கம் புரட்டும்போது காணாமப் போகுது.

அந்தப் புலத்தில் நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை, இருக்கிறது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை என்று விடை வராது. ஆகவே கீசெட் வினவல் அவற்றைத் தொடாது. வரிசையிலும் ஒற்றுமை இல்லை: ஏறுவரிசையில் மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூஎல் சர்வரும் நல்லை முதலில் வைக்கும், போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் கடைசியில் வைக்கும். நல் வராத புலத்தால் வரிசைப்படுத்துவதே நல்லது. முடியாவிட்டால் 'கோஅலெஸ்(கிலோ, -1)' என்ற கோவையை (நல் இருந்தால் -1 என்று எடுக்கும்) ஆர்டர் பை, வேர், இன்டெக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

பதிந்த நேரத்தால வரிசைப்படுத்தினேன். எப்பவாவது ஒண்ணு ரெண்டு மட்டும் விடுபடுது.

போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோசெகண்டு வரை வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிசெகண்டு வரைதான். இடையில் மூன்று இலக்கம் வெட்டுப்படுகிறது. இறங்குவரிசையில், வெட்டிய நேரத்துக்குக் குறைவானதைக் கேட்டால், அதே மில்லிசெகண்டுக்குள் மீதி இருந்தவை தவறிப்போகும். ஏறுவரிசையில் பார்த்ததே திரும்ப வரும். நேரத்தைத் தரவுத்தளம் தந்த எழுத்து வடிவிலேயே கர்சருக்குள் (நின்ற இடத்தைக் குறித்து அனுப்பும் மதிப்பு) வைத்து அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

மடுவத்துல சிக்னல் இல்லாம ஃபோன்ல பதிஞ்சு, சாயந்தரம் ஸ்டோருக்கு வந்துதான் ஏத்துறாங்க. அது எப்படி வரிசைல சேரும்?

திகதி வரிசையில் பார்க்கும் மனிதருக்குச் சிக்கலில்லை; பக்கத்தைப் புதுப்பித்தால் உரிய இடத்தில் தெரியும். சிக்கல் தலைமை அலுவலகச் சர்வர் "கடைசியாக எடுத்ததற்குப் பின்னுள்ளவை" என்று இழுக்கும்போது வருகிறது. பறித்த நேரத்தை வைத்து இழுத்தால், பிந்தி ஏறிய காலைக் கொழுந்து கர்சருக்குப் பின்னால் விழுந்து, என்றைக்குமே போய்ச் சேராது. சர்வர் பெற்றுக்கொண்ட வரிசைக்கென்று தனிப் புலம் வையுங்கள்.

அதிலும் ஒரு பொறி உண்டு. தானாக ஏறும் எண் பதிவு எழுதத் தொடங்கும்போதே வழங்கப்படும். மற்றவர்க்குத் தெரிவது கொமிட் ஆன (எழுதியது உறுதியான) பிறகு. 1002 முதலில் கொமிட் ஆகி 1001 பிந்தினால், 1002 வரை எடுத்தவர் 1001-ஐத் தவறவிடுவார். ஆகவே இழுக்கும்போது கடைசிச் சில நிமிடங்களைத் திரும்ப வாசித்து, ஐடி ஏற்கெனவே இருந்தால் மேலெழுதுங்கள். இரண்டு முறை வாசிப்பதால் நட்டமில்லை.

சரிபார்க்காத பதிவை 100, 100-ஆ எடுத்து சரிபார்த்தேன். பாதிதான் முடிஞ்சிருக்கு.

1,000 பதிவு 'சரிபார்க்காதது' என்று இருந்தது. முதல் 100-ஐ முடித்ததும் அவை பட்டியலை விட்டுப் போயின, மீதி 900. இப்போது ஆஃப்செட் 100 போட்டால், இன்னும் தொடாத 100-ஐத் தாண்டிவிடுகிறது. இப்படியே போய் 500-இல் நின்றுவிடும். வரிசை நகர்வதுபற்றி மேலே சொன்னதுதான். இங்கே நகர்த்துவது நீங்களே. ஐடி வரிசையில் 'ஐடி > கடைசியாக முடித்த ஐடி' என்று போங்கள். ஆஃப்செட்டை எப்போதும் சுழியமாகவே வைக்கலாம் என்பார்கள். ஒரு பதிவு பிழையாகிச் சரிபார்க்க முடியாமல் நின்றால் அதையே சுற்றிக்கொண்டிருக்கும்.

லிமிட் 50 போட்டேன், 31 பேர்தான் வாறாங்க.

ஆள் அட்டவணையைக் கடன் அட்டவணையோடு ஜொயின் செய்திருப்பீர்கள். மூன்று கடன் உள்ளவர் மூன்று வரியாக வருவார். லிமிட் வரிகளைத்தான் எண்ணும். முதலில் 50 ஆட்களை உள்வினவலில் எடுத்துவிட்டு, அதற்கு வெளியே கடனை ஜொயின் செய்யுங்கள். ஜாவாவின் ஹைபர்னேட் போன்ற தரவுத்தள நூலகங்களில் இணைந்த பட்டியலையும் சேர்த்து இழுத்துப் பக்கம் பிரித்தால், முழுவதையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கே வெட்டும். லொக்கில் (செயலியின் நடப்புக் குறிப்பேட்டில்) ஓர் எச்சரிக்கை வரி மட்டும் விழும். அதைத் தேடிப் பாருங்கள்.

கர்சரை பேஸ்64 ஆக்கி முகவரில வச்சா பாதுகாப்புத்தானே?

பேஸ்64 என்பது மதிப்பை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை. அது உறைதான், பூட்டு இல்லை. யாரும் திறந்து மாற்றலாம். உள்ளே இருக்கும் மதிப்புகளைப் பயனர் தட்டிய எழுத்தைப் போலவே நினைத்து, பராமீற்றராக (கட்டளையோடு ஒட்டாத தனி மதிப்பாக) மட்டும் வினவலுக்குள் விடுங்கள். எந்தத் தோட்டத்தைப் பார்க்கலாம் என்பதை ஒவ்வொரு கோரிக்கையிலும் உள்நுழைந்தவரின் உரிமையிலிருந்து எடுங்கள். கர்சருக்குள் இருக்கும் தோட்ட இலக்கத்தை நம்பினால் பக்கத்துத் தோட்டத்துச் சம்பளம் தெரிந்துவிடும். வரிசை முறையையும் வடிகட்டியையும் கர்சருக்குள் குறித்து, எச்மாக் கையொப்பம் (சர்வரின் இரகசியச் சாவியால் போடும், யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கும் குறி) இடுங்கள். வடிகட்டியை மாற்றிவிட்டுப் பழைய கர்சரோடு வருபவரை முதல் பக்கத்துக்கு அனுப்புங்கள்.

ஐந்து வருஷக் கணக்கையும் எக்செல்ல இறக்கணும். பக்கம் பக்கமா எடுத்து ஒட்டலாமா?

வேண்டாம். ஒரு எக்செல் தாளில் 10,48,576 வரிக்கு மேல் போகாது. 27 இலட்சம் பதிவுக்கு மூன்று தாள் வேண்டும். சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கொடுங்கள், வருட வாரியாகப் பிரித்தால் திறப்பதும் எளிது. போஸ்ட்கிரெஸில் 'கொப்பி' கட்டளையோ சர்வர் பக்கக் கர்சரோ (விடையைத் துண்டு துண்டாகத் தரும் வசதி, மேலே சொன்ன கர்சர் இல்லை), கிடைக்கக் கிடைக்க எழுதிக்கொண்டே போகும், நினைவகம் நிரம்பாது. ஒரே வினவலாக ஓடுவதால் தொடங்கிய நேரத்து நிலவரமே முழுக்க வரும், இடையில் பதிந்தவை கலக்காது.

வலைக் கோரிக்கைக்குள் இதை ஓட்டினால் நேரம் முடிந்து அறுந்துவிடும். பின்னணியில் ஓடவிட்டு, கோப்பு ஆயத்தமானதும் இணைப்பைக் காட்டுங்கள். தமிழ்ப் பேர்கள் எக்செல்லில் குப்பையாகத் தெரிந்தால் கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 பொம் குறியை (கோப்பின் எழுத்து முறையை எக்செல்லுக்குச் சொல்லும் குறி) சேருங்கள். பெரும்பாலும் அது ஒன்றே போதும்.